கிடார் பெட்டிக் கணக்கு

காரைக்குடியில் எங்கள் மைக் செட் கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் மைக் செட் வாடகை எழுதிய நோட்டு. யார் வீட்டுக் காதுகுத்து, எத்தனை குழாய், எத்தனை டியூப்லைட், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து நான் 'பெட்டி 1' என்று எழுத ஆரம்பித்தேன். கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குத் தேக்கில் செய்த முதல் பெட்டி அது. 18,000 ரூபாய்க்கு விற்றது. பணம் வந்த அன்று ஆசாரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு கல்லுக்கட்டிப் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டோம். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 550 ரூபாய் நஷ்டம். பிரியாணியைச் சேர்க்காமல். என் உழைப்பையும் சேர்க்காமல்.

அந்தப் பக்கத்தை இப்போதும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் போனில் கேட்கும்போது, முதலில் அதைத்தான் படித்துக்காட்டுகிறேன்.

இதில் எப்படி வந்து விழுந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக் செட்டுக்காகப் பிளைவுட்டில் பாக்ஸ் அடிப்பது எனக்குப் பழக்கமான வேலை. ஒரு கல்யாணக் கச்சேரிக்குச் சென்னையிலிருந்து வந்த கிடார்காரர், மறுநாள் காலையில் ஊர் சுற்றிப் பார்க்கப் போனார். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவும் தூணும் நிலையும் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். கலிபோர்னியாவின் மெசா பூகி கம்பெனி 1970களில் செய்த ஆம்ப்ளிஃபயர். கடினமரப் பெட்டி, மூலைகளில் பல்லோடு பல் கோத்த புறாவால் மூட்டு (டவ்டெயில்), முன்பக்கம் துணிக்குப் பதிலாகப் பிரம்புப் பின்னல். "இந்த ஊர்ல மரமும் இருக்கு, பிரம்பு பின்றவங்களும் இருக்காங்க, ஆசாரியும் இருக்காங்க. இதைச் செய்ய முடியாதா?" என்றார். முடியும் என்றேன். எவ்வளவு என்றார். யோசிக்காமல் 18,000 என்றேன். எப்படி அந்தத் தொகை வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, கணக்கு.

ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் வைக்கிற பெட்டி. அகலம் 20 அங்குலம், உயரம் 18, ஆழம் 10.5. மரக்கடையில் கன அடிக்கணக்கில்தான் விலை. கனத்தையும் அகலத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. நான்கு பக்கத்துக்கும் சுற்றளவு 76 அங்குலம், அதாவது ஆறே கால் அடிக்குச் சற்று மேல். ஒரு அங்குலக் கனத்தில் அறுத்தால்தான் இழைத்தபின் முக்கால் அங்குலம் நிற்கும். இதற்கு 0.46 கன அடி. பின்பலகைகளுக்கு இன்னொரு 0.11. ஆகக்கூடி 0.57. ஆனால் வாங்கியது 0.8. பொற்கொல்லர் சேதாரம் போடுவதைக் குறை சொல்கிறோமே, பழைய மரத்தில் சேதாரம் நூற்றுக்கு முப்பது. ஆணித் துளை, வெடிப்பு, ஓரத்து வெளிறு (வைரம் பாயாத வெளிமரம்), ரம்பம் தின்பது எல்லாம் இதில் போகும்.

கன அடி 4,500 ரூபாய் என்று வாங்கினேன். மரத்துக்கு 3,600. அறுப்புக் கூலியும் மெஷின் இழைப்பும் 600. ஸ்பீக்கர் மாட்டுகிற முன்பலகைக்கு பிர்ச் பிளைவுட் 1,400. கைப்பிடி, டீ நட், ஜாக், வயர், ரப்பர் கால் 1,850. பிரம்பும் பின்னல் கூலியும் 1,200. பாலிஷ் 2,400. பேக்கிங் 900. சென்னைக்கு அனுப்ப 1,100. எல்லாம் கூட்டினால் 13,050. ஆசாரிக்கு ஐந்து நாள் கூலி, நாளுக்கு 1,100 வீதம் 5,500. மொத்தம் 18,550.

இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது நஷ்டம் அல்ல. மரத்தின் பங்குதான். தேக்குப் பெட்டி, தேக்குப் பெட்டி என்று நானும் வாங்கியவரும் ஊரும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தேக்கு மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவரை நான் மரத்தில் எப்படி மிச்சம் பிடிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கன அடிக்கு ஐந்நூறு குறைத்து வாங்க தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் பைக்கில் அலைந்து, மிச்சமானது 400 ரூபாய். பெட்ரோல் போக எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. காசு போகிற வழி வேறு.

மரத்தைப் பற்றிப் பேசாமலும் முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பர்மா தேக்கு. நகரத்தார் ரங்கூனில் வட்டித் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. அதற்குப் பிறகும் வேறு வழிகளில் பர்மா மரம் வந்துகொண்டுதான் இருந்தது. 2014 ஏப்ரலில் உருட்டு மரம் ஏற்றுமதியை மியான்மர் நிறுத்திவிட்டது. இன்று புது மரக்கடையில் கிடைப்பதில் நிறைய ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று எங்கெங்கோ தோட்டத்தில் வளர்ந்த தேக்கு. வெளிறு அதிகம், ரேகை அகலம். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்பது, நூறு வருஷம் கூரைக்குக் கீழே காய்ந்த உத்திரத்தைப் பிளந்தால் உள்ளே தெரிகிற வைரம் அதில் கிடையாது.

நான் வாங்குவது உடைந்த சரம், உத்திரத் துண்டு, தூண் போன பிறகு மிஞ்சுகிற கட்டை இவற்றைத்தான். செதுக்கு வேலை உள்ள நிலையையோ கதவையோ அறுப்பதில்லை. ஒருமுறை கடைக்காரர் பாதி செதுக்கு உடைந்த நிலை ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றார். ஆசாரி அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை அறுக்குறதுன்னா வேற ஆளைப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழைய மரத்தில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. ஆணி. தலை உடைந்து உள்ளே கிடக்கும், மேலே சுண்ணாம்பு பூசியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது பெட்டிக்கு உத்திரம் அறுக்கும்போது ரம்பப் பட்டறையில் பட்டை ரம்பத்தின் பல் வரிசையாகப் போய்விட்டது. பிளேடு காசை என்னிடம்தான் வாங்கினார்கள். அது நியாயம்தான், நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் எங்களிடம் கிலோக்கணக்கில் கிடக்கிறது. இப்போது அதில் ஒன்றை நூலில் கட்டி, மரத்தின் நான்கு பக்கமும் மெல்ல இழுத்துக்கொண்டே போவேன். ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாயும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் எந்த மரமும் பட்டறைக்குப் போவதில்லை.

அறுத்த பலகையை அன்றைக்கே இழைக்கக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நூறு வருஷம் காய்ந்த மரம்தானே என்று நினைப்போம். பிளந்தவுடன் உள்ளே அடைபட்டிருந்த இழுவை வெளியே வந்து பலகை வில்லாக வளையும். இடையில் குச்சி வைத்து அடுக்கி மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். அந்த மூன்று வாரமும் போட்ட பணம் மரமாகத் தூங்கும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், யாரும் சேர்ப்பதில்லை.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் வராததற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் பசைக்கும் அதே எண்ணெய்தான் எதிரி. இழைத்த சூட்டோடு ஒட்ட வேண்டும். ஒருநாள் விட்டால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். அதில் சிலிக்காவும் இருப்பதால் உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். ஆசாரி அண்ணன் ஒரு பெட்டிக்குள் எத்தனை முறை சாணை பிடிக்கிறார் என்று ஒருமுறை எண்ணினேன். பதினொன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இனி என்னுடைய பெரிய தப்பு. இரண்டாவது பெட்டி சென்னையில் ஏசி போட்ட ஒரு ஸ்டுடியோவுக்குப் போனது. நான்கு மாதம் கழித்துப் படம் வந்தது. மேல்பலகையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் வெடிப்பு தொடங்கி, மரத்தின் ரேகை வழியாக ஓடியிருந்தது. படத்தை ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உள்ளாற கட்டை குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். பிளைவுட் பழக்கம். கைப்பிடி தாங்க வேண்டுமே என்று மேல்பலகையின் உள்பக்கம் முன்பின்னாக இரண்டு கட்டைகளைப் பசை போட்டு ஸ்குரூவும் முறுக்கி, அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். பலகையின் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடுகிறது, கட்டையின் ரேகை அதற்குக் குறுக்கே. மரம் நீளவாட்டில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாட்டில்தான் சுருங்கும். காரைக்குடிக் காற்றில் செய்த 10.5 அங்குலப் பலகை ஏசி அறையின் வறட்சியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்த்தது. கட்டை விடவில்லை. இரண்டில் ஒன்று தோற்க வேண்டும், பலகை தோற்றது.

"நம்ம வீட்டுக் கதவைப் பாருங்க தம்பி. சட்டத்துக்குள்ள தட்டு சும்மாதான் உக்காந்திருக்கு. எவனாச்சும் பசை போட்டு ஒட்டியிருக்கானா?" என்றார். ஊர் முழுக்க, தெரு முழுக்க, அந்தக் கதவுகளைத் தினமும் திறந்து மூடிக்கொண்டு வளர்ந்தவன் நான்.

புறாவால் மூட்டில் ஒட்டிய பெட்டியில் மேல்பலகையை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. முழுப் பெட்டியையும் புதிதாகச் செய்து கொடுத்தேன். போகவர வண்டி வாடகை, மரம், கூலி, பாலிஷ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல். வெடித்த பெட்டி இப்போது கடையில் ஸ்பீக்கர் சோதிக்க உதவுகிறது. வெடிப்பில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருக்கிறோம். இப்போது குறுக்குக் கட்டையே வைப்பதில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் பசை கிடையாது, ஸ்குரூத் துளையை நீள்வட்டமாகக் குடைந்துவிடுகிறோம். பின்பலகைகளுக்கு மேலும் கீழும் ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) இடைவெளி. முன்பலகை மட்டும் எப்போதும் 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்தான். அதில் 283 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்பீக்கரைத் தொங்கவிடுகிறோம், அந்த வேலை முழு மரப் பலகைக்கு ஆகாது.

இதே இடத்தில் இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரத்துக்கு நல்லதில்லை என்றாலும். தேக்கில் செய்தால் சத்தம் மாறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே அளவில் பிளைவுட் பெட்டி ஒன்றும் தேக்குப் பெட்டி ஒன்றும் செய்து, ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டி, திரும்பி உட்கார்ந்து கேட்டேன். எது எது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரை மாற்றினால் தெரிகிறது. பின்பக்கம் திறந்த பெட்டியா மூடிய பெட்டியா என்பது நன்றாகவே தெரிகிறது. முக்கால் அங்குலத் தேக்கா பிளைவுட்டா என்பது எனக்குத் தெரியவில்லை. பேர்பெற்ற கிடார் ஆம்ப்ளிஃபயர் கம்பெனிகளையே பாருங்கள்: 1950களின் ஃபெண்டர் பெட்டிகள் சாதாரண பைன் மரம், நேரான பல் கோத்த ஃபிங்கர் ஜாயிண்ட். மார்ஷலின் பேர்பெற்ற பெட்டிகள் பிர்ச் பிளைவுட். அவற்றின் சத்தத்தைக் கேட்டுத்தானே எல்லோரும் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள்? அதனால் கேட்பவர்களிடம் நான் நேராகச் சொல்லிவிடுவேன்: இது பார்ப்பதற்கும் தொடுவதற்கும் பல வருஷம் வைத்திருப்பதற்கும். சத்தத்துக்காக என்றால் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். இதைச் சொன்னதால் போன ஆர்டர்கள் இரண்டு மூன்று இருக்கும். சத்தம் மாறவில்லை என்று திரும்பி வந்த பெட்டி ஒன்றுகூட இல்லை.

பிரம்புக்கு வருவோம். படத்தில் அழகாக இருந்தது. முதல் பெட்டியில் ஸ்பீக்கர் மாட்டி அடிக்கம்பியைத் தட்டியதும் சட்டத்துக்குள்ளிருந்து வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிரம்பு காய்ந்து சட்டத்தில் தட்டுகிறது. நாற்காலி பின்னுபவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, நாற்காலி பாடப்போவதில்லையே. அவரும் நானுமாகச் சேர்ந்து கண்டுபிடித்த வழி: பிரம்பை நன்றாக நனைத்து இறுக்கிப் பின்ன வேண்டும், காயும்போது அது தானாகவே இன்னும் இறுகும். பிறகு சட்டம் முன்பலகையைத் தொடும் இடம் முழுக்க ஃபெல்ட் துணிப் பட்டை. ஒவ்வொரு பெட்டியையும் அனுப்புமுன் சோதனை ஒலியை 70 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக ஏற்றிக்கொண்டே போய்க் கேட்பேன். கிடாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குச் சற்றுக் கீழே தொடங்குவது. தளர்ந்த ஸ்குரூ, ஆடும் கைப்பிடி, ஒட்டாத ரப்பர் கால் எல்லாம் இந்தச் சோதனையில் வாய் திறந்துவிடும்.

பிரம்பு வேண்டாம், முன்பக்கத்துக்குக் கண்டாங்கிச் சேலைத் துணி போடுங்கள் என்று ஒருவர் கேட்டார். அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட துணியை இழுத்துக் கட்டினால், சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாக இருந்தது. ஆனால் கண்டாங்கி கெட்டி நெசவு. ஸ்பீக்கர் துணிக்கு எங்கள் கடையில் ஒரு பழைய சோதனை உண்டு. துணிக்கு அந்தப் பக்கம் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து இந்தப் பக்கமிருந்து ஊத வேண்டும். சுடர் சாய்ந்தால் சத்தமும் போகும். கண்டாங்கிக்குப் பின்னால் சுடர் நிமிர்ந்து நின்றது. கடைசியில் துணியின் கரையை மட்டும் ஓரத்தில் பட்டையாக வைத்து, நடுவில் வழக்கமான ஸ்பீக்கர் துணியைப் போட்டுக் கொடுத்தேன்.

பாலிஷில் கற்றது ஒன்றே ஒன்று. முதலில் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) லாக்கர் அடித்தோம், கண்ணாடி மாதிரி வந்தது. பெட்டிமேல் ஆம்ப்ளிஃபயரை வைத்தார் ஒருவர், சில மாதத்தில் அதன் நான்கு ரப்பர் கால்களும் லாக்கரில் பதிந்து ஒட்டிக்கொண்டன. ரப்பரில் உள்ள ஏதோ ஒன்று லாக்கரை இளக்கிவிடுகிறது. இப்போது முதலில் அரக்கு பாலிஷ் ஒரு கை, மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. செலவு கூடுதல், தொந்தரவு இல்லை.

அடுத்து, அனுப்பும் செலவு. பெட்டி செய்கிற எவரும் இதில் ஒருமுறையாவது விழுவார்கள். ஷில்லாங்கிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அந்தப் பக்கம் கிடார் வாசிப்பவர்கள் நிறைய. பேக் செய்த எடை 19 கிலோ. கிலோவுக்கு 90 ரூபாய் என்றார்கள், பெருக்கி வாங்குபவரிடம் சொல்லிவிட்டேன். பில் வந்தபோது 28.5 கிலோ. விமானத்தில் போகும் பார்சலுக்கு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு. என் பார்சல் 63, 58, 39. அதாவது உள்ளே இருந்த காற்றுக்கும் 855 ரூபாய் கொடுத்தேன். சுற்றிலும் ஆறு சென்டிமீட்டர் மெத்தென்ற ஃபோம் வைத்திருந்ததை, கெட்டியான ஃபோமாக மாற்றி நாலு சென்டிமீட்டர் ஆக்கினேன். 59, 54, 35 என்று ஆனது, கணக்கு எடை 22.3 கிலோ. ஃபோம் விலை கொஞ்சம் கூடியது, பார்சல் விலை நன்றாகக் குறைந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரி பார்சல் போதும். ஆம்னி பஸ் சீக்கிரம் போகும், ஆனால் டிக்கிக்குள் யாருடைய அரிசி மூட்டை நம் பெட்டிமேல் உட்காரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: ஸ்பீக்கரை மாட்டி அனுப்பக் கூடாது. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒன்றே 4.7 கிலோ. பார்சல் கீழே விழுந்தால் அந்தக் காந்தத்தின் எடை முன்பலகையை முறுக்கிவிடும். காலிப் பெட்டி, தனியாக ஸ்பீக்கர்.

வெளி மாநிலத்துக்கு விற்பதென்றால், எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லிவிட்டார். கைவினைப் பொருள் சிலவற்றுக்கு விலக்கு உண்டாம், ஆம்ப்ளிஃபயர் பெட்டி அதில் வராது என்றார். பதிவு செய்துவிட்டேன், மாதாமாதம் அதற்கு ஒரு தொகை போகிறது.

ஆசாரி கூலியைப் பற்றிப் பலர் அறிவுரை சொன்னார்கள். மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷினும் அதற்குப் புறாவால் அளவு காட்டும் டவ்டெயில் ஜிக்கும் வாங்கிப்போட்டால் மூட்டை அரை மணியில் வெட்டிவிடலாமே என்று. உண்மைதான், வெட்டலாம். ஆனால் மெஷின் வெட்டுகிற புறாவால் எல்லாம் ஒரே அளவில் சீப்புப் பல் மாதிரி இருக்கும். கையால் வெட்டியதில் ஆண்பல் ஊசிபோல் ஒடுங்கி, வால் அகன்று இருக்கும். வாங்க வருபவர் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அந்த மூலையைத்தான். அதை மெஷினுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு என்னிடம் வாங்க என்ன காரணம்? மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல, யாரும் பார்க்காத வேலைகள். முன்பலகை வட்டம், பின்பலகை, துளைகள், கால், வயரிங் இவற்றுக்கெல்லாம் அச்சுப் பலகை செய்துவைத்தோம். ஒரு பெட்டி செய்வதை விட்டு நான்கு பெட்டிகளாகச் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தோம். மெஷினை ஒருமுறை அளவு வைத்தால் நாலுக்கும் ஆயிற்று. ஆசாரி அண்ணனின் ஐந்து நாள் மூன்று நாளாகக் குறைந்தது, அவர் கூலியை 1,300 ஆக்கினேன். அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்கும்வரை காத்திருந்தால் ஒருநாள் கேட்காமலே கோயில் கதவு வேலைக்குப் போய்விடுவார்.

நான்கு நான்காகச் செய்ய மாதமும் பார்க்க வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மைக் செட் சும்மா இருக்கும். அதில் ஒரு நான்கு. மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் விடிகாலை நாலரைக்கே கோயில் கோயிலாக மைக் கட்டிவிட்டு வந்து பெட்டி வேலையில் உட்கார்ந்தால் கண் சொக்கும். உளியும் தூக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது.

இப்போது விலை 34,000, ஸ்பீக்கர் இல்லாமல், பார்சல் தனி. சாமான் செலவு எல்லாம் சேர்த்து 15,800, அதில் மரம் 4,400. ஆசாரிக்கு 3,900. மீதி 14,300. இதில் கடை வாடகை, கரண்டுக்கு 1,800, கருவிக்கு 1,000, திரும்பி வரும் பெட்டிக்கென்று 1,500 ஒதுக்கிவைக்கிறேன். வெடித்த பெட்டி கற்றுக்கொடுத்த வழக்கம் இது. எனக்கு நிற்பது 10,000. பட்டறையில் என் வேலை 22 மணி நேரம். கையில் மணிக்கு நானூற்றைம்பது வருகிறதே என்று ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் போனில் பேசுகிற நேரத்தையும் எழுதிவைத்தேன். எந்த நிறம், எந்தக் கைப்பிடி, படம் அனுப்புங்கள், வேறு கோணத்தில் அனுப்புங்கள் என்று ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதையும் சேர்த்தால் மணிக்கு 300 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. போன வருஷம் 11 பெட்டி. மாதத்துக்கு 9,000 சொச்சம். கம்பெனிப் பெட்டியை ஸ்பீக்கரோடு வாங்குகிற பணத்துக்குப் பக்கத்தில் என் வெறும் பெட்டி நிற்கிறது, இதற்கு மேல் விலை ஏற்றவும் வழியில்லை. ஆகவே மைக் செட்டை விற்றுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மைக் செட்டை விற்காதீர்கள்.

முன்பணம் பாதிக்குக் குறையாமல் வாங்குங்கள். 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு 26 அங்குல அகலத்தில் ஒருவருக்குச் செய்தேன், அவர் ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு. அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை. அந்த அளவில் வேறு யாரும் கேட்கவும் இல்லை. ஏழு மாதம் தூசி துடைத்துவைத்து, கடைசியில் பாதி விலைக்குப் போனது.

இன்னும் ஒன்று, மரத்தை நானே தருகிறேன், விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு நகரத்தார் வீட்டுப் பையன், பள்ளத்தூரில் பங்குக்கு வந்த வீட்டில் ஒரு பக்கம் இடிந்துவிட்டது, அந்த உத்திரத்தில் பெட்டி வேண்டும் என்றான். மரம் அவனுடையது என்பதால் பத்தாயிரமாவது குறையும் என்று எதிர்பார்த்தான். நோட்டை எடுத்துக் காட்டினேன். மரத்தின் விலை 4,400, அவ்வளவுதான் கழிக்க முடியும். ஆனால் அந்த உத்திரத்தைக் கொண்டுவர வண்டி, ஆணி பிடுங்க ஒரு நாள், தனியாக அறுக்கப் பட்டறைக் கூலி, நான்கோடு சேர்க்க முடியாமல் ஒற்றையாகச் செய்வதற்கு ஆசாரியின் கூடுதல் நாள். எல்லாம் சேர்த்தால் என் மரத்தில் செய்வதைவிட 2,000 அதிகம். அவன் முகம் சுருங்கியது. கூட வந்திருந்த அவன் அப்பத்தா நோட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்கள். "கணக்குச் சரியாத்தானே இருக்கு. எழுதிக்கங்க தம்பி" என்றார்கள்.

பெட்டி முடிந்து வாங்க வந்தபோதும் ஆச்சி வந்தார்கள். மூலையில் மூட்டைத் தடவிப் பார்த்தார்கள், பின்பக்கம் திரும்பி உள்ளே குனிந்து பார்த்தார்கள். "பூட்டு வைக்கலையா?" என்றார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பூட்டு கிடையாது ஆச்சி என்றேன். அது அவர்களுக்கு அவ்வளவாகத் திருப்தியாக இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "மிச்ச மரம் எங்க?" என்றார்கள்.

அறுத்ததில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு துண்டு மூலையில் கிடந்தது, ஓரத்தில் இரண்டு ஆணித் துளையோடு. எடுத்துக் கொடுக்கப்போனேன். ஆசாரி அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வந்து வாங்கிக்கங்க ஆச்சி" என்றார். மறுநாள் அது ஒரு மணையாக இருந்தது, கால் கட்டை பசையில்லாமல், நீள்வட்டத் துளையில் ஸ்குரூ போட்டு. நோட்டில் எழுதினேன்: மணை ஒன்று, ஆசாரி கூலி அரை நாள் 650, வரவு இல்லை.